தோழி கேட்கச் சொன்ன கேள்வி

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ் டீச்சர், மதுரையில் இருந்த ஒரு பெண் எழுத்தாளருக்குக் கார்டு போட்டு, எங்களோடு வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார். அவரும் வருவதாக எழுதிவிட்டார். அப்புறம் வகுப்பில் வேறு பேச்சே இல்லை.

எனக்கு மட்டும் பாதி சந்தோஷம்தான். அந்த எழுத்தாளரின் நாவலை நூலகத்தில் தேடி எடுத்தவள் என் தோழி. ஒரே புத்தகத்தை இருவரும் சேர்ந்து படிப்போம். நான் பக்கத்தை முடிக்கும் முன்பே அவள் திருப்பிவிடுவாள். அதற்கே சண்டை வரும். முந்தைய வருஷம் அவள் அம்மா இறந்துவிட்டார். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போய்ச் சங்கு குளிக்கிறவர். சின்னஞ்சிறு தம்பிகள் இருவரையும் பார்த்துக்கொள்ள அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்.

எழுத்தாளர் வரும் செய்தியைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்து, உடனே வாடிப்போனது.

"ஏளா, எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வா. கடைசியில அந்தப் பொண்ணு ரயில்ல ஏறினாளா இல்லையா?"

நாவலின் நாயகி, மேலே படிக்க வேண்டுமென்ற ஆசையில் வீட்டை விட்டு ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாள். ரயில் வரும். கதை அங்கேயே முடிந்துவிடும்.

எழுத்தாளர் வந்த அன்று, கூட்டத்தில் எழுந்து நின்றேன். அதைக் கேட்டுவிட்டு, "இது என் கேள்வி இல்லம்மா, என் தோழி கேக்கச் சொன்னா" என்றேன். அவள் ஏன் வரவில்லை என்று எழுத்தாளர் கேட்டார். சொன்னேன். "அப்ப பதிலையும் அவகிட்டதானே சொல்லணும்? வீடு தூரமா?" என்றார்.

தலைமையாசிரியை சாப்பாடு ஆறிவிடும் என்று தயங்கினார். எழுத்தாளரோ புதையும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமணலில் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

தோழி வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். யார் வந்திருப்பது என்று நான் சொன்னதும் செதில் ஒட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கடலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவள் அப்பா, "ஏளா, அம்மாவுக்கு ஸ்டூல எடுத்துப் போடு" என்று சத்தம் கொடுத்தார். எழுத்தாளர் அதற்குள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ என்ன நினைக்கிற? ஏறினாளா?"

"ஏறியிருக்க மாட்டா. சின்னப் பிள்ளைகள அங்கன வீட்ல விட்டுட்டு எப்படி ஏறுவா?"

அந்த நாவலில் சின்னப் பிள்ளைகளே கிடையாது. அது எழுத்தாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் திருத்தவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து, செதிலோடு தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "எனக்கும் தெரியலம்மா. அதனாலதான் அதோட நிறுத்திட்டேன்" என்றார்.

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "படிக்க வைக்க எனக்கும் ஆசைதான். இந்தச் சின்னதுகள யாரு பாக்கிறது?"

எழுத்தாளர் அவருக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. "புத்தகம் அனுப்பினா அவளைப் படிக்க விடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்கென்னம்மா, தாராளமாப் படிக்கட்டும்."

சொன்னபடியே மதுரையிலிருந்து புத்தகங்கள் வந்தன. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவள் படிக்க, நான் பக்கத்தில் சாய்ந்து எட்டிப் பார்ப்பேன். அவள் மட்டும் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. நான் கல்லூரிக்கு வெளியூர் போன சமயத்தில் அவளைப் பெரியதாழைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் தேடிக்கொண்டு போனேன். குடும்பத்தோடு கேரளக் கரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. புகுந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டியில் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம் இருந்தது என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன்.

நானும் ஆசிரியையானேன். என் வகுப்புப் பிள்ளைகளைப் பார்க்க எத்தனையோ எழுத்தாளர்களை அழைத்து வந்திருக்கிறேன். ஆனாலும் ஒரே புத்தகத்துக்குள் இரண்டு தலைகளை நுழைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாதே என்று அவளோடு சண்டை போட இன்னொரு மத்தியானம் கிடைக்காதா என்ற ஏக்கம் மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை.