ஹேவ்லாக்குக்கு ஒரு பை பாகற்காய்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுக்காக நிற்கிறேன். கொரோனா காலத்தில் இங்கேதான் எனக்கு வேலை. மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் தீவுக்குத் தீவுதான் துணை. இங்கிருந்து மருந்து போகும், அங்கிருந்து தேங்காய் வரும். எந்தப் படகையும் யாரும் காலியாகத் திருப்பி அனுப்பியதில்லை. அன்றைய பயம் எனக்கு மறந்துவிட்டது. வந்த படகைப் பார்த்து எல்லோரும் கையசைத்தது மட்டும் மறக்கவில்லை.

சௌல்தாரியில் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்கா என்னிடம் ஒரு பையை நீட்டுகிறார். உள்ளே பாகற்காய்.

"தம்பி, இதை ஹேவ்லாக்ல டைவிங் கடையில குடுத்துருங்க. கொரோனால இவருக்கு மூச்சு முட்டுனப்ப இங்க சிலிண்டர் கிடைக்கல. அங்க டைவிங்காரங்கதான் அவங்க ஆக்ஸிஜன படகுல ஏத்தி விட்டாங்க."

பக்கத்தில் அவர் கணவர் கூச்சத்தோடு சிரிக்கிறார்.

"எந்தக் கடை, அக்கா?"

"அதுதான் மாலூம் இல்லையே! அதனால ஒவ்வொரு தடவையும் ஒரு கடைக்கு அனுப்புறேன். இந்தத் தடவை நீல போர்டு கடை."

படகு நகர்கிறது. கணவர் கரையில் நின்று, கைகளை வாயருகே குவித்துக் கத்துகிறார்.

"நீல போர்டு, தம்பி! மறந்துறாதீங்க!"

எஞ்சின் இரைச்சலையும் மீறி அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது.