பெட்டியில் ஒரு காலிப் பள்ளம்

கடற்படை விமானங்களுக்கு மெக்கானிக்கான அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் "சந்தேகம்". பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஐந்து மாதமாக அயல்நாட்டு விமானத்தளம் ஒன்றில் கிடந்தான். தகரக் கொட்டகை, இரும்புக் கட்டில், வாரத்துக்குப் பத்து நிமிடம் போன். கடல் தாண்டிய வேலை என்று வீட்டில் பெருமை. அவனுக்கு மிஞ்சியது எண்ணெய்க் கறையும் முதுகுவலியும்தான்.

அன்று ராத்திரி டூட்டி முடிகிற நேரம் அக்கா போனில் அழுதாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறதாம், இன்றைய பொழுதைத் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம்.

"உன்னத்தான் கேக்குறாங்கடா. சீக்கிரம் வந்துடு."

அதிகாரி நல்ல மனுஷர், உடனே விடுப்புக் கொடுத்தார். காலை ஒன்பது மணிக்கு ஊருக்கு ஒரு விமானம் இருந்தது. ராத்திரி முழுக்க அவனே சக்கரம் மாற்றிய விமானம். ஏறினால் மத்தியானம் மூன்று மணிக்குள் அம்மா பக்கத்தில்.

அழுக்கு உடுப்பைக் கழற்றிச் சலவைக்கு எறிந்தான். பையைக் கட்டிக்கொண்டு கருவிப்பெட்டியை ஒப்படைக்க ஓடினான். அந்தப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். சின்ன ஸ்பேனரின் பள்ளம் காலி.

ஒரு கருவி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்கக் கூடாது. சக்கரத்துக்குள் சிக்கிக் கிடந்தால் ஏறுகிற அத்தனை பேருக்கும் எமன். பெட்டியை மூடிக் கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பாழாய்ப்போன மனசு விடவில்லை. அதிகாரியிடம் சொல்லிவிட்டான்.

விமானத்தை நிறுத்தி, சக்கரத்தை மறுபடி கழற்றி, மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடினார்கள். மூட்டைமுடிச்சோடு காத்திருந்தவர்கள் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். பன்னிரண்டரைக்குச் சலவைக்காரர் ஸ்பேனரும் கையுமாக வந்து, சலவை இயந்திரத்துக்குள் கடகடவென்று சத்தம் கேட்டதாகச் சொன்னார். அவனுடைய உடுப்பின் கால்சட்டைப் பையில்தான் கிடந்ததாம். அவசரத்தில் சொந்தப் பையைத் தடவிப் பார்க்க மறந்திருந்தான், படுபாவி.

வீடு போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன.

"மூணு மணியிலேருந்து கதவையே பாத்துட்டிருந்தாங்கடா," என்றாள் அக்கா. "அஞ்சு மணிக்குத்தான் கண்ண மூடினாங்க."

"என் தப்புக்கா."

"விமானம் லேட்டானா நீ என்னடா பண்ணுவே?" என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள் அக்கா. அவன் கை தன் காலிக் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது.