நகக்கண்ணில் இருந்த மஞ்சள்

நகக்கண்ணில் ஒட்டியிருந்த மஞ்சளை எனக்குக் காட்டியது பெருமாளா, யாரையும் நம்பாத என் புத்தியா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் என் கணவர். அவருக்கு எல்லாமே சுலபம்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு நான் பிசியோதெரபிஸ்ட். திருப்பதியில் விடுதி. அங்கிருந்து ஊர் ஊராக வேனில் போய் ஆடுவார்கள். டேப்பும் ஐஸ் பெட்டியுமாக நானும் போவேன். என் ஒன்றரை வயது மகள் நாகலாபுரத்தில் அவள் அப்பாவிடம் இருப்பாள்.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, சித்தூரில் இறுதி ஆட்டம். விளையாட்டுப் பள்ளிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் அணியில் எல்லோரும் நம்பியிருந்தது கௌரியைத்தான். விஜயபுரம் பக்கத்துப் பெண். பெற்றோர் கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர்கள். தேர்வானால் அவளுக்குப் படிப்பும் சாப்பாடும் இலவசம்.

வியாழக்கிழமை பயிற்சியில், இடது காலை ஊன்றும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடிப்பதைக் கவனித்தேன்.

"வலிக்குதாடி?"

"இல்லக்கா. நல்லாதான ஓடிக்கினு இருக்கேன்."

ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். குதித்தாள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை அழுத்திப் பார்க்கக் கை நீட்டினேன். கூச்சமாக இருக்கிறது என்று காலை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் சிரித்தாள். "சிஐடி அக்கா, இவ கோல் போட்டாக்கூட நீங்க பந்தைத் திருப்பித் திருப்பிப் பாப்பீங்க!"

தசை வலி என்றால் கால் நெடுக வலிக்கும். எலும்பில் விரிசல் என்றால் விரல்நுனி அகல இடத்தில் உயிர் போகும். அந்த இடத்தைத் தொட அவள் விடவில்லை.

அன்று மாலை குளியலறைக் குப்பைக்கூடையில் வலி மாத்திரையின் காலி அட்டை கிடந்தது. மறுநாள் காலை, கோச் அவளிடமிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைப்பதைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. மாத்திரை கொடுத்து ஆட வைக்கிறார், மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் கேட்கத் தைரியம் வரவில்லை. நான் நினைத்தது தவறென்றால் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெடும். சரியென்றால் என் வேலை போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தையின் கால் போகும். பர்ஸில் இருந்த எங்கள் நாகலாபுரத்துக் கோயில் வேதநாராயணர் படத்தை எடுத்துவைத்து அழுதேன். "யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை பெருமாளே. உண்மையை மட்டும் என் கண்ணில் காட்டு."

சனிக்கிழமை காலை, சித்தூர் மைதானத்தின் தகரக் கொட்டகையில் ஒவ்வொருவருக்கும் கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடிக்கும்வரை பாதம் தொங்கிவிடக் கூடாது. அதனால் ஆடுபவரே தன் கால்விரல்களைப் பிடித்து நிமிர்த்திக்கொள்ள வேண்டும். கௌரியும் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் என் கண்ணுக்கு நேராக வந்தன. நகக்கண் எல்லாம் மஞ்சள்.

"என்னடி இது?"

கையை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

புதன்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். நான் நாகலாபுரம் போயிருந்தேன். இவள் திருப்பதியில் இருக்கும் தன் சித்தியோடு மலையடிவாரத்து அலிபிரிக்குப் போய், படிபூஜை செய்துகொண்டே மலை ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு. அந்தக் காலோடு!

"பாதி மலையில காலிகோபுரத்தாண்ட போனதும் காலு தாங்கலக்கா. சித்தி கையப் புடிச்சிக்கினு இறங்கிட்டேன். பாதியில உட்டதாலதான் சாமி வலிய ஜாஸ்தி பண்ணிட்டாரு."

"மாத்திரை யார் கொடுத்தது?"

"நானேதான் மெடிக்கல்ல வாங்கித் துன்னேன்."

"கோச் சாருக்குக் கொடுத்த பொட்டலம்?"

"அது குங்குமம்க்கா. படியில வச்ச மிச்சம்."

எனக்குக் கோபம் பொங்கியது. "யாருடி உன்னை இந்தக் காலோட படி ஏறச் சொன்னது?"

"நீங்கதான்க்கா."

இரண்டு வாரம் முன்பு வேனில் கால் வலிக்கிறது என்று என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். மகளுக்குக் காய்ச்சல் என்று நான் போனில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏழுமலையானை நல்லா வேண்டிக்கோ, சரியாயிடும்" என்றிருக்கிறேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான், என்னை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

இப்போது அவள் காலை நீட்டினாள். விரல்நுனியால் ஒரே ஓர் இடத்தை அழுத்தினேன். அலறிவிட்டாள்.

கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவரைப் பற்றி நான் நினைத்தது உட்பட. அவர் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டார். "என் சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாமே மேடம். இவ காலு போயிருந்தா நான் எந்த மொகத்தோட இவ நைனாவைப் பாக்கறது?" என்றார். பட்டியலிலிருந்து அவள் பெயரை அவரே எடுத்தார்.

நாங்கள் தோற்றோம். ஆனால் ஸ்கேனில் அந்த எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. அன்று ஆடியிருந்தால் எலும்பு முழுதாக உடைந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது வலியில்லாமல் நடக்கிறாள். கால் தேறியதும் வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருக்கிறது விளையாட்டுப் பள்ளி.

அன்றிலிருந்து யாராவது வலி என்றால் முதலில் தொட்டுப் பார்க்கிறேன், பிறகுதான் வேண்டிக்கொள்ளச் சொல்கிறேன். உண்மையைக் காட்டச் சொல்லி நீங்களும் பெருமாளிடம் கேளுங்கள். காட்டுவான். ஆனால் அதில் உங்கள் முகமும் தெரியலாம், தயாராக இருங்கள்.

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. பாதியில் விட்ட படிபூஜையை முடித்தால்தான் கால் நிலைக்கும் என்று கௌரி பிடிவாதமாக இருக்கிறாள். இந்த ஆண்டு முழுக்க அவள் படி ஏறக் கூடாது என்கிறார் டாக்டர். காலிகோபுரத்திலிருந்து மிச்சப் படிகளுக்கு அவள் பெயரில் நான் மஞ்சள் வைத்துக்கொண்டு ஏறினால் சுவாமி ஏற்பாரா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அவளிடம் இன்னொரு முறை யோசிக்காமல் எதையும் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.