மீஞ்சூருக்குப் போன பொட்டி

நான் ஓட்டுறது ஷேர் ஆட்டோ. தாண்டுனது அஞ்சாங்கிளாசு, அதுவும் வாத்தியாரு பாவம் பாத்து தள்ளி உட்டது. ஆனா எங்க லைன்ல மெயிலு, நெட்டுன்னா எல்லாம் என்னாண்ட தான் வந்து நிப்பாங்க. பாஸ்வேர்டு மறந்துட்ச்சு மாமு, இன்னா பண்றது? தப்பா அனுப்பிட்டேன் நைனா, திருப்பி வாங்க முடியுமா? நானும் பெரிய இஞ்சினியரு கணக்கா கால் மேல கால் போட்டுகினு சொல்வேன். போன வாரம் மீன் விக்கிற அக்கா ஒண்ணு கேட்டுச்சி: "தம்பி, போனு ஒடஞ்சிபோச்சு. உள்ள இருந்த மெயிலெல்லாம் அத்தோட பூட்ச்சா?" போவாதுக்கா, எந்த போன்ல பாத்தாலும் வரும்னேன். அக்கா சிரிச்சிகினே போச்சு. எனுக்கு தான் அன்னிக்கு சோறு எறங்கல.

நான் பொடியனா இருந்தப்போ நாங்க ராயபுரத்துல இருந்தோம், எல்லாம் ஒரே வூட்ல. சித்தப்பா கப்பலுக்கு பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு போயிருந்தாரு. கப்பலு எங்கனா கரை புட்சா சித்திக்கு மெயில் போடுவாரு. தெரு முனைல ஒரு பிரவுசிங் சென்டரு. அங்க மூணாவது பொட்டில தான் சித்திக்கு ஐடி தொறந்து குட்த்தாங்க. அத்தொட்டு லெட்டரு அந்த கம்ப்யூட்டரு பொட்டிக்குள்ள தான் வந்து குந்தும்னு சித்தி நெனச்சிச்சி. சித்தி மட்டுமா? கப்பலுக்கும் துபாய்க்கும் ஆள அனுப்பிட்டு ஒக்காந்திருந்த பொம்பளைங்க அத்தினி பேருக்கும் ஆளுக்கொரு பொட்டி. பக்கத்து பொட்டி காலியா கெடந்தாலும் சரி, தன் பொட்டில எவனா கேம் ஆடுனான்னா, அவன் எய்ந்திரிக்கிற வரைக்கும் முந்தானையால விசிறிகினு வாசல்லயே நிப்பாங்க. ஆயுத பூஜைக்கு தன் பொட்டிக்கு தனியா குங்குமம். கடைக்காரரும் இன்னாத்துக்கு வெளக்கி சொல்றாரு? சொன்னா எதிர்கடைக்கு பூடுவாங்க. சிரிச்சிகினே படிச்சு காட்டுவாரு.

கடைசி மெயில்ல, அடுத்த கரைல எறங்குனதும் எழுதுறேன்னு சித்தப்பா போட்டிருந்தாரு. அப்பால கடைய மூடிட்டாங்க. பொட்டிங்கள மீன்பாடி வண்டில ஏத்துறப்போ எங்க போவுதுன்னு சித்தி கேட்டுச்சி. மீஞ்சூர் ஸ்டேஷனாண்ட ஒரு கடைக்கு வித்தாச்சுன்னாங்க. சித்தி வண்டி பின்னாடியே மெயின் ரோடு வரைக்கும் நடந்துச்சி, புருசன இன்னொரு தபா வழியனுப்புற மாதிரி.

மாசம் ஓட்ச்சு. சித்தப்பாவாண்டேர்ந்து போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலைக்கு அனுப்பிச்ச ஏஜெண்டு ஆபீசுல பூட்டு தொங்குச்சி. வூட்ல குசுகுசுன்னு பேச்சு. ஒருநா எங்க அப்பா, "இன்னும் எத்தினி நாளைக்கு தான் இப்டி..."ன்னு இழுத்தாரு.

"அவரு எழுதிகினு தான் கீறாரு. எல்லாம் மீஞ்சூர் பொட்டில சேந்துகினு கீது"ன்னுச்சி சித்தி.

அட ஆமால்லன்னு எல்லாருக்கும் மூச்சு வந்துச்சி. அப்போ போய் பாத்துட்டு வாம்மான்னாங்க. சித்தியானா இன்னிக்கு தலவலி, நாளிக்கு துணி தொவைக்கணும்னு தள்ளிகினே போச்சு. கடைசில ஒருநா என்னிய இட்டுகினு கெளம்புச்சி. பொட்டிய அடையாளம் காட்ட ஆள் வோணுமே. அந்த கடைல கேம் ஆடியே படிப்ப கோட்ட உட்டவன் நான்.

கொருக்குப்பேட்டைல ரயில் ஏறுனோம். எண்ணூர் தாண்டுறப்போ கரண்டு பேக்டரி சாம்பலு ஜன்னல் வழியா வந்து சித்தி வெச்சிருந்த பூ மேல குந்துச்சி. சித்தி தட்டி உடல.

மீஞ்சூர் கடைல ஒரு பொண்ணு இருந்துச்சி. நான் சுத்தி வந்து ஒரு பொட்டிய காட்னேன். "இதான் சித்தி!" பக்கவாட்ல ஆணியால என் பேரு பாதி கீறி இருந்துச்சி. மீதி பாதிக்கு எயுத்து தெரியாது எனுக்கு.

சித்தி சொன்னத்த கேட்டுட்டு அந்த பொண்ணு சிரிச்சிட்ச்சு. "அய்ய, இன்னாக்கா நீ! இதுக்கா இம்மா தூரம் வந்த? எந்த பொட்டில பாத்தாலும் வரும்க்கா. ராயபுரத்துலயும் வரும், ரஷ்யாலயும் வரும்."

சித்தி முந்தானைல முடிஞ்சி வெச்சிருந்த பாஸ்வேர்டு சீட்ட பாத்து அந்த பொண்ணு மெயில தொறந்துச்சி. "சித்தி, நாலு புச்சா கீது!"ன்னு குதிச்சேன். நாலும் எவனோ வெள்ளக்காரன், சித்திக்கு லாட்டரி உயுந்துக்குதுன்னு எழுதுனது. அதுக்கு கீய சித்தப்பாவோட பய்ய மெயிலு.

சித்தி மெல்ல கேட்டுச்சி. "பொட்டி நெறஞ்சிபோயி திரும்பி போயிருக்குமா?"

"இல்லக்கா, நெறைய எடம் கீது."

"வேற ஆருக்கனா மாறி போயிருந்தா?"

"முன்னாடி ஒயுங்கா வந்துகினு தான இருந்துச்சி? மாறாதுக்கா."

"கடல்ல மழை... லைன் கட்டாயி..."

"லைன் வந்தா அதுவா வந்துடும்க்கா. அவரு போட்டிருந்தா கண்டிப்பா இங்க இருக்கும்."

நல்ல பொண்ணு. கேட்டதுக்கெல்லாம் ஒண்ணு உடாம கரெக்டா பதில் சொல்லிச்சி. சித்தி அந்த பொட்டியவே பாத்துகினு இருந்துச்சி. அப்பால எய்ந்து, "இது எங்க பொட்டி இல்லம்மா"ன்னுச்சி.

"இதான் சித்தி! என் பேரு கீது பாரு!"

"இல்லடா. வா."

வூட்டுக்கு வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகினாங்க. பொட்டி கெடைக்கலன்னுச்சி சித்தி. நான் வாய தொறந்தேன். என் கைய புட்சி நசுக்கிச்சி. அப்பா, "சரி உடு, கெடைக்காமயா பூடும்?"னு பெருசா மூச்சு உட்டாரு. எல்லாரும் சாப்ட குந்துனாங்க. சித்தி மூஞ்சி கய்விட்டு, பொட்டு வெச்சிகினு வந்து பரிமாறுச்சி.

வூட்ல மக்கு மக்குன்னு என்னிய தான் கூப்டுவாங்க. கண்ணு முன்னாடி கீற பொட்டிய வெரல் வெச்சி காட்டியும் தெரியல, எந்த கடைலயும் பாக்கலாம்னு அந்த பொண்ணு சொல்லியும் மண்டைல ஏறல இந்த சித்திக்கு. என்ன விட பெரிய மக்கு ஒண்ணு இந்த வூட்ல கீதேன்னு, அன்னிக்கு நான் ரெண்டு சோறு ஜாஸ்தியா துன்னேன்.