சொந்தத் தெருவில் வாரிய சேறு

கார்ப்பரேஷனில் எனக்குக் கானை வாரும் வேலை. கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில், சாக்கடைக்குக் கானை என்று பெயர். அஞ்சாம் கிளாசோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். தமிழ் எழுத வரும், கையெழுத்துப் போடுவேன். எங்கள் தெருவில் அன்றைக்குத் தங்கச்சியைத் தவிர மற்றவர்களெல்லாம் கைநாட்டு.

தங்கச்சி காலேஜுக்குப் போனாள். எழுபதுகளின் கடைசி. கடைசி வருஷம் அங்கே ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்தாள். சேவை செய்தால் சர்ட்டிபிகேட் தருவார்கள். அது கையில் இருந்தால் இன்டர்வியூவில் முன்னால் கூப்பிடுவார்கள் என்று சங்கத்து வாத்தியார் சொல்லியிருந்தார். வசதியான பிள்ளைகளுக்கு உள்ளே ஒரு மாமன் இருப்பான், ஒரு வார்த்தை சொல்லிவைப்பான். இவளுக்கு நான்தான் இருந்தேன். அதனால் சர்ட்டிபிகேட் வேண்டும்.

அந்த வருஷம் சேவைக்கு அழுக்கான தெருவாகத் தேடினார்கள். எங்கள் தெருவைப் பிடித்தார்கள். கானையைச் சுத்தம் செய்வது, பத்து நாள். ஆளுக்கொரு புத்தகம். யாருக்குச் சேவை செய்தார்களோ அந்த வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போடவேண்டும். கைநாட்டு செல்லாது.

முப்பது பேர் வந்தார்கள். வந்தது பத்து மணிக்கு, அன்றைக்கு அது கடல் ஏறும் நேரம். கடல் ஏறினால் கானையில் தண்ணீரும் ஏறும். அப்போது வாரினால் தண்ணிதான் வரும், சேறு வராது. சொன்னேன். சங்கத்துச் செக்ரட்டரி ஒரு பையன், இஸ்திரி போட்ட சட்டை. நாங்க பார்த்துக்கறோம் சேட்டா என்றான். பத்து நாளும் அவன் பேனரைத்தான் பிடித்தான்.

நாலைந்து பேர் உண்மையாக வாரினார்கள். மற்றவர்கள் சாயா குடித்தார்கள். வாரிய சேற்றைக் கானை ஓரத்திலேயே குவித்தார்கள். மூணாம் நாள் மழை. எல்லாம் திரும்ப உள்ளே போனது. கார்ப்பரேஷன் ஓவர்சியர் என்னைத் திட்டினார். அதற்கப்புறம் கடல் இறங்கும் நேரம் பார்த்து நானும் தங்கச்சியும் வாரினோம். வாரி, கைவண்டியில் ஏற்றி, தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினோம். பத்து மணிக்கு அவள் குளித்து, உடுப்பு மாற்றி, அவர்களோடு வந்து நிற்பாள்.

கடைசி நாள் வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று தெரிந்ததும் எல்லாப் புத்தகமும் என்னிடம் வந்தன. போட்டேன். செக்ரட்டரிக்கும் போட்டேன். தங்கச்சியுடையது கடைசி.

வாத்தியார் அதை மட்டும் நிறுத்தி, நான் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணன் என்றேன். சிவப்பு மையால் என் கையெழுத்தை அடித்தார்.

"எடோ, இது செல்லாது. சொந்த வீட்டு வேலை சேவை ஆகாது."

"கானை என் வீட்டுக்குள்ள ஓடலை, சாரே."

"சொந்தத் தெரு. சொந்தக்காரன் கையெழுத்து. அவ்வளவுதான்."

"அப்போ மத்ததையும் அடிச்சிடுங்க. அதுவும் என் கையெழுத்துதான். அவங்க செய்ததை நானும் பார்த்தேன்."

செக்ரட்டரி தன் புத்தகத்தைச் சட்டென்று சட்டைக்குள் செருகினான். கானைக்காரன் சட்டம் பேசுறான் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். சிரித்தார்கள். நான் மண்வெட்டியோடு நாற்காலிக்கு முன்னால் நின்றேன். நகரவில்லை. அண்ணே விடு, என்றாள் தங்கச்சி.

வாத்தியார் கொஞ்சம் இறங்கி வந்தார். சொந்தக்காரர் இல்லாத இடத்தில் பத்து நாள் செய்து, ஒரு கையெழுத்து வாங்கி வரட்டும் என்றார்.

எங்கள் தெருவில் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். அடுத்தது வியாபாரிகள் தெரு. இஞ்சி, மிளகுக் கிடங்குகள். அங்கே ஒரு முதலாளியின் கிடங்கு வாசலைத் தங்கச்சி பத்து நாள் காலையில் கூட்டினாள். அவருக்குச் சேவை எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் முதல் நாளே பத்து நாளுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பத்து நாளும் வரச் சொன்னார். கடைசி நாள், நன்றாகக் கூட்டுகிறாய், இங்கேயே வேலைக்கு வா, என்றாராம். நல்ல மனசோடுதான் சொன்னாராம். தங்கச்சி இதைச் சொன்னபோது நான் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். கிளாசைக் கீழே வைத்தேன்.

சர்ட்டிபிகேட் கிடைத்தது.

அடுத்த சில மாசத்தில் எறணாகுளத்தில் ஒரு ஆபீசில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தச் செக்ரட்டரியும் வந்திருந்தான். என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. அவனைக் கூப்பிட்டு, அடுத்தது தங்கச்சியைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நடந்ததைப் படகில் திரும்பும்போது சொன்னாள். கதவோரம் நின்றபோது அவன் பேசியது கேட்டதாம். மட்டாஞ்சேரியில் ஒரு தமிழர் தெரு, அங்கே சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது, நான்தான் கானையில் இறங்கிச் சொல்லிக்கொடுத்தேன் என்றானாம். நாலு பேரை நடத்தத் தெரிந்த பையன் என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சந்தோஷம். பிறகு இவள் போனாள். விலாசத்தைப் பார்த்து, அந்தத் தெருவா, இப்போது சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். எப்போதும் போல என் அண்ணன் வாருகிறார் என்றாள். ஒருத்தர் சிரித்தார். அதற்கப்புறம் கேள்வி இல்லை. சர்ட்டிபிகேட்டை ஓரமாக வைத்தார்கள்.

அவன் சொன்னது பொய்யென்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதை வெச்சு சொல்ல, அண்ணே? என் சர்ட்டிபிகேட்டிலயும் கானை இல்லையே, அந்தக் கிடங்கு வாசல்தானே."

தண்ணியைப் பார்த்துக்கொண்டு வந்தோம். வேலை அவனுக்குக் கிடைத்தது.

தங்கச்சி டைப் அடிக்கப் படித்தாள். வேலை வர இன்னும் மூணு வருஷம் ஆனது. அங்கே சர்ட்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை.

நடுவில், அடுத்த வருஷமே, சங்கம் திரும்ப எங்கள் தெருவுக்கு வந்தது. அதே வாத்தியார், புதுப் பிள்ளைகள், அதே பத்து மணி. கடைசி நாள் புத்தகங்களை நீட்டினார். போடமாட்டேன் என்றேன். வேறு யாருக்குக் கையெழுத்துத் தெரியும் என்றார். தங்கச்சி வாசலுக்கு வந்தாள். வாத்தியாருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. குவித்த சேற்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரட்டும், அப்புறம் போடுகிறேன் என்றாள் அவள். அது புரோகிராமில் இல்லை என்றார் வாத்தியார்.

ஒரு பெண் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். வண்டியை நான் பிடித்தேன். மூணு நடை. திரும்பி வந்ததும் தங்கச்சி அவள் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வாத்தியாரிடம் நேராக நீட்டினாள்.

"இவளுக்கு நான் சொந்தமில்லை, சாரே. இது செல்லும்."

அவர் அவளை இன்னொரு தடவை பார்த்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் பேனரைச் சுருட்டிக்கொண்டு வியாபாரிகள் தெருப் பக்கம் நடந்தார்கள். கையெழுத்து அங்கே கிடைக்கும்.