மதினி தேடிய கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராஜபாளையம் வீட்டில் மதினி அழுதுவிட்டார். காரணம் அண்ணன் இல்லை... கம்ப்யூட்டர்!

மதினிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அவர் தொட்டிலில் கிடக்கும்போதே அப்பா தவறிவிட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். ஊருக்கெல்லாம் எழுதினார், வீட்டில் அவர் எழுதிய ஒரு வரி இல்லை. போட்டோவும் கிடையாது. "மொகந்தான் தெரியல, கையெழுத்தையாவது பாத்துரணும்" — மதினியின் தீராத ஏக்கம் இது.

அண்ணன் காலேஜில் கம்ப்யூட்டர் வாத்தியார். ஒருவர் எழுதியதைக் காட்டிப் பழக்கினால், அதே கையெழுத்தை மற்ற தாள்களில் தேடித் தருகிற புரோகிராம் ஒன்றை மாதக்கணக்காக மாரடித்து எழுதியிருந்தான். மனைவிக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

மம்சாபுரம், தளவாய்புரம் சொந்தக்காரர்களின் பீரோக்களிலிருந்து பழைய பத்திரங்கள் வந்து சேர்ந்தன. எழுதியவர் பெயர் கடைசித் தாளில்தான் இருக்கும். பெரும்பாலானவற்றில் அந்தத் தாளே இல்லை — கரையான்! அதனால்தானே மெஷின்?

பழக்குவதற்கு அப்பா எழுதிய ஒரு வீட்டுப் பத்திரம். அசல் யாரிடமோ போய்விட்டது. மதினி ஆபீசில் மனுப் போட்டு நகல் வாங்கி வைத்திருந்தார். அடியில் 'எழுதியது' என்று அப்பா பெயர். போதாதா?

ஸ்கேனர் முனகியது. கம்ப்யூட்டர் யோசித்தது... யோசித்தது... சில பத்திரங்களைப் பொறுக்கிக் கொடுத்தது.

"பாத்தீகளா தம்பி, எங்கப்பா எழுத்து எம்புட்டு அழகு!" மதினி விரலால் வரி வரியாகத் தடவினார்.

அதில் ஒன்றுக்கு மட்டும் கடைசித் தாள் இருந்தது. எழுதியவர் — வேறு யாரோ!

அண்ணன் புரோகிராமைத் திட்டினான். நான் முதல் தாளைப் புரட்டினேன். மேலே ஆபீஸ் முத்திரை: 'நகல்'. பொறுக்கிய எல்லாவற்றிலும் அதே முத்திரை. அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்துப் பத்திரத்தின் நகல் என்றால், ஆபீஸ் குமாஸ்தா அசலைப் பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்ததன் பிரதிதான். எழுதியவர் பெயர் உட்பட! நாங்கள் பழக்கியது குமாஸ்தாவின் கையெழுத்தை. மெஷினும் சமத்தாக அவரையே தேடிப் பிடித்திருக்கிறது.

மதினி அழுதது அப்போதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். மெஷின் வேண்டாமென்று ஒதுக்கிய அசல் பத்திரக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு மதினி? எது அவிய எழுதினதுன்னு தெரியாதே?"

"தெரியாது தம்பி. அம்புட்டுல ஒண்ணாவது எங்கப்பா எழுதினதா இருக்காதா?"

இருக்கும் என்றுதான் சொன்னேன். நீங்களாக இருந்தால் வேறென்ன சொல்லியிருப்பீர்கள்?