கறுப்பு கிட்டாரும் வெள்ளைச் சேலையும்

எண்பதுகளில் கல்யாண இசைக்குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீ கெம்பாங்கானில் கேட்டபடி எலெக்ட்ரிக் கிட்டார் செய்து தரும் ஒரு சீனரிடம், உடம்பும் கறுப்பு, கம்பிக்கடியில் பதிக்கும் பிக்கார்டுத் தகடும் கறுப்பு என்றேன். "கல்யாணத்துக்குக் கறுப்பு ஓகேவா லா, பாஸ்?" என்றார். நான் சிரித்தேன்.

முதல் வாசிப்பு கிள்ளானில், ஒரு கல்யாணத்தில். மண்டப வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா எதிரே வந்தார். புதுக் கிட்டாருக்குச் சகுனம் ஆகாதென்று, அவர் பார்க்கவே பின்வாங்கி வேறு வாசலால் நுழைந்தேன்.

மேடையில் மாப்பிள்ளையின் மாமா மறித்தார். "தாலி கட்டுற எடத்துல கறுப்பா? பின்னால போய் நில்லு."

வேறு கிட்டார் இல்லை. கிளம்பலாமென்றால் குழுவின் வேன் கல்யாணம் முடிந்துதான் போகும். சமையற்கட்டுப் பக்கம், அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்த அம்மா அங்கே நின்றிருந்தார்.

"ஆன்டி, நீங்க?"

"பொண்ணோட அம்மா."

கெட்டிமேளம் கேட்டது. நாற்காலி இடுக்கில் எட்டிப் பார்த்தோம், எதுவும் தெரியவில்லை. "கிட்டாரு அழகா இருக்கு தம்பி" என்றார்.

மறுவாரமே கிட்டாருக்குச் சிவப்பு அடித்தேன். பிக்கார்டு மட்டும் வெள்ளையில் அந்தச் சீனரிடம் கேட்டு வாங்கினேன். அடுத்த கல்யாணத்தில் மேடையேறினேன். அந்த வெள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.